திடலில் எழுதிய தேர்வு

"சார், வெளியே வாங்க. இது என் பீரியட்."

"உங்க பீரியட்தான், யாரு இல்லன்னது? போன வாரமும் உங்க பீரியட்தான். நான் வாங்கிக்கலையா?"

"நீங்க வாங்கிக்கல. எடுத்துக்கிட்டீங்க."

மேற்குச் சாளரத்தின் வழியே நுழைந்த வெயில் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டி, பலகைகளின்மேல் சாய்ந்து, உண்ட மயக்கத்தில் கவிழ்ந்திருந்த பத்தாம் வகுப்பின் தலைகளை மெல்லத் தடவிக்கொண்டிருந்த பிற்பகற்பொழுதில், புறநகர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மாடித் தாழ்வாரத்தில் எழுந்த இச்சொற்போர், எந்தப் பாடத்துக்கும் நிமிராத முதுகுகளையெல்லாம் ஒருங்கே நிமிர்த்திவிட்டது. உள்ளே, பாதி வரைந்த வட்டத்தின் முன் சுண்ணக்கட்டியேந்தி நின்றவர் கணக்காசிரியர். நெட்டுடலும் வளையாக் கழுத்தும் கருதி மாணாக்கர் அவருக்கு இட்ட பெயர் அளவுகோல். வாயிலை மறித்து, தோளில் பந்து வலையுடன் நின்றவர் உடற்பயிற்சி ஆசிரியை. அவர் கழுத்தில் தொங்கிய ஊதலால் அவருக்கு ஊதலம்மா என்று பெயர்.

தேர்வு நெருங்குகிறது, பந்தா வந்து மதிப்பெண் போடும் என்று கணக்காசிரியர் வினவ, வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்தால் போதுமா, ஒருமுறையேனும் அதைச் சுற்றி ஓட வேண்டாமா என்று ஆசிரியை மறுமொழி கூற, பக்கத்து வகுப்புகளில் பாடம் தானே நின்றுபோயிற்று. எதிர்த்தெருத் தையற்கடைக்காரர் பொறியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். மருந்துக்கடை அம்மாளோ, மணமாகாத இருவர் இத்துணை உரிமையோடு சண்டையிடுவதன் உட்பொருள் தமக்குத் தெரியும் என்று, கேளாதவரிடமும் சொல்லி முடித்துவிட்டார். அத்தெருவில் ஒருவரும் பிறர் வாழ்வில் தலையிடுவதில்லை; மூக்கை மட்டுமே நுழைப்பர்.

நற்றமிழ் நயப்பீர், அப்பள்ளியின் வரலாற்றையும் சிறிது கேட்டருள்க. நகரம் தன் ஆடையின் ஓரத்தை இழுத்துவிட்டாற்போல் வீடுகள் பரவத் தொடங்கிய காலத்தில், கைவிடப்பட்ட செங்கற்சூளையொன்றின் நிலத்தில், தகரக் கூரையின்கீழ்ப் பிறந்தது அது. மண்ணெடுத்த பெரும்பள்ளத்தை மாணாக்கரும் பெற்றோரும் கூடை கூடையாய்க் கொட்டி நிரப்ப, அதுவே விளையாட்டுத் திடலாயிற்று. சுவரில்லாப் பள்ளியாயிருந்தும் அதன் பிள்ளைகள் ஓடினர், தாண்டினர், சுற்றுவட்டாரப் பள்ளிகளின் கோப்பைகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்தனர். பின்னர்ச் சுவரும் மாடியும் எழுந்தன; ஓராண்டு தேர்ச்சி சரிந்தது; சரிந்த நாள் முதலாய்த் தலைமையாசிரியர்களுக்கு உறக்கம் போயிற்று. கோப்பைகளில் உடைந்த சுண்ணக்கட்டிகள் குடியேறின. விளையாட்டுக்குரிய பாடவேளை கால அட்டவணையில் மட்டும் விளையாடிற்று.

அவ்வேளையைக் கவர்ந்த கணக்காசிரியர் திடலையும் விட்டாரில்லை. பார்த்தெழுதும் தீமையை ஒழிக்கப் பரந்த வெளியே சிறந்ததென்று கண்டு, கிழமைதோறும் மாணாக்கரை அங்கே அழைத்துச் சென்று, ஊதலை இரவல் வாங்கி ஊதுவார். ஊதிய அளவில் அவர்கள் கைநீட்டும் தொலைவில் விலகி, தரையில் அமர்ந்து, எழுதுகோலைத் திறப்பர். புதிதாய் வந்த ஆசிரியை, மூத்தவர் கேட்கிறாரே என்று தொடக்கத்தில் ஊதலைக் கழற்றிக் கொடுத்தார். தம் தொழிலையே கழற்றிக் கொடுத்திருக்கிறோம் என்பது உறைத்தபின்தான் இந்தச் சண்டை.

சண்டை தலைமையாசிரியர் அறைக்குப் போயிற்று. எவரையும் நோகச் செய்யாமல் எவருக்கும் உதவாமல் இருக்கும் அருங்கலை கைவந்த அப்பெரியவர், இருவரையும் அமரச் செய்து, தம் கவலையைச் சொன்னார். திடல் வெறுமனே கிடப்பதாக மேலிடத்துக்குச் செய்தி போயிருக்கிறது. கல்வி அலுவலர் நேரில் வந்து பார்க்கப்போகிறார். பயன்படவில்லை என்று அவர் கருதினால் திடல் ஊர்திகள் நிறுத்துமிடமாகும், உடற்பயிற்சிப் பணியிடமும் நீங்கும்.

"அன்னிக்கு ஒரு நாள் பத்தாம் வகுப்பை விளையாட விடுங்கம்மா. அந்தம்மா பார்த்துட்டுப் போயிடுவாங்க. எல்லாருக்கும் நல்லது."

"இன்னிக்கே விடறேன் சார். பழகட்டும்."

அதற்குமட்டும் அவர் இணங்கவில்லை. மாதிரித் தேர்வு இருக்கிறதாம்.

அலுவலர் வந்த காலையில் பள்ளி மணப்பெண்போல் மினுங்கிற்று. குப்பை கூடைக்குள் இருந்தது. கூடை படிக்கட்டின்கீழ் ஒளிந்திருந்தது. தலைமையாசிரியர் முன்னே குனிந்து வழிகாட்ட, கணக்காசிரியர் பின்னே விறைத்து நடக்க, குட்டையான அலுவலர் அம்மையார் குடையூன்றித் திடலுக்கு வந்து சேர்ந்தார். பத்தாம் வகுப்பு அணிவகுத்து நின்றது. எதிர்ச்சுவருக்கு அப்பால் தையற்கடைக்காரர் முக்காலியின்மேல் ஏறி நின்றார். மருந்துக்கடை அம்மாள் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஆசிரியை ஊதினார்.

வகுப்பு முழுவதும், காற்றில் சாய்ந்த பயிர்போல், ஒரே அசைவில் விலகி, கைநீட்டி அளந்து, தரையில் அமர்ந்தது. சட்டைப் பைகளிலிருந்து எழுதுகோல்கள் எழுந்தன. தாளில்லாதவர்கள் தாளுக்காகக் கணக்காசிரியரை நோக்கினர். ஒருவன் கேள்வி எப்போது வரும் என்பதுபோல் வானத்தைப் பார்த்தான்.

"என்ன பண்றாங்க?" என்றார் அலுவலர்.

தலைமையாசிரியர் முகத்தில் வேர்வை அரும்பினாலும் நா உலரவில்லை. இது மூச்சுப்பயிற்சிக்கு முந்தைய அமர்வுநிலை, மனத்தை ஒருமுகப்படுத்தும் புதுமுறை, நம் ஆசிரியையின் சொந்த ஆக்கம் என்று அடுக்கி, "இல்லையாம்மா?" என்று திரும்பினார்.

ஆம் என்று ஒரு சொல். சொன்னால் திடல் பிழைக்கும், ஊதியம் நிலைக்கும், பள்ளியின் மானமும் கிழியாது. ஆனால் அமர்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார் ஆசிரியை. வாழ்நாளெல்லாம் இப்படி ஓர் ஒலிக்கு அமரப் பழகிய முதுகுகள் அவை.

"பயிற்சி இல்லைங்க மேடம். கணக்குப் பரீட்சை. விசில் ஊதினா உட்காரணும்னுதான் இவங்களுக்குத் தெரியும். இவங்க இங்க ஓடி நான் பார்த்ததே இல்ல."

"அப்ப உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"அதைத்தான் நானும் தினம் கேட்டுட்டிருக்கேன்."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். கணக்காசிரியரின் வளையாக் கழுத்து முதன்முறையாகச் சற்றே தாழ்ந்தது. நாணத்தாலா, சினத்தாலா என்பதில் தெருவார் இன்றளவும் இரு கட்சியாகவே இருக்கின்றனர். அலுவலரின் விடைக்குக் காத்திராமல் ஆசிரியை மாணாக்கர் பக்கம் திரும்பினார்.

"எழுந்திருங்க. அந்தச் சுவரைத் தொட்டுட்டு வாங்க."

ஒருவரும் அசையவில்லை. எல்லாக் கண்களும் கணக்காசிரியர்மேல் சென்று தயங்கின. முன்வரிசைப் பெண்ணொருத்தி, வகுப்பில் முதலிடம் வாங்குபவள், பணிவோடு கையுயர்த்தினாள்.

"ஓடினா மார்க் குறைப்பாங்களா டீச்சர்?"

"குறைச்சா என்கிட்ட வா. நான் சண்டை போடறேன்."

அவள் எழுந்தாள். பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்து, முதலில் நடந்து, பின் விரைந்து, பின் ஓடினாள். அவளைக் கண்டு பக்கத்திலிருந்தவர் எழ, அவர்களைக் கண்டு பின்னிருந்தவர் எழ, மடை உடைத்த வெள்ளம்போல் வகுப்பு முழுதும் திடலில் பாய்ந்தது. அழகிய ஓட்டமன்று அது. செருப்புகள் சிதறின; திசை தெரியாமல் ஒருவரையொருவர் முட்டினர்; மூடியில்லா எழுதுகோலோடு ஓடியவன் மூன்று சட்டைகளில் மை தெளித்தான்; பாதியில் மூச்சு வாங்கி அமர்ந்தவன், அமர்ந்தது குற்றமென்று தோழர் இழுக்க மீண்டும் ஓடினான். சுவரைத் தொட்டவர்கள் திரும்பி வரச் சொன்னதை மறந்து, சுவரோரமாகவே சுற்றி ஓடிக்கொண்டிருந்தனர். தையற்கடைக்காரர் முக்காலியிலிருந்து விழுந்தார். அன்று அவரை எவரும் தூக்கவில்லை.

அலுவலர் குடையை மடக்கிப் பிடித்தபடி நெடும்பொழுது பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, தேநீரும் அருந்தாமல் சென்றார்.

ஆணை வந்தது. திடல் திடலாகவே இருக்கும், பணியிடமும் இருக்கும், இருக்கக் கூடாதவர் ஆசிரியை ஒருவரே. மேலதிகாரி முன்னிலையில் பள்ளிக்கு இழிவு தேடியதற்காக அவருக்குத் தொலைவான ஊருக்கு மாற்றல். மன்னிப்பு எழுதித் தந்தால் பேசிப் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் இளகிச் சொன்னார்.

"எதுக்கு சார் மன்னிப்பு? புள்ளைங்க ஓடினதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார் அவர். பணியிடமும் திடலும் பிழைத்ததையே எண்ணி, பேருந்தில் ஏறும்போது அழவில்லை. வழியனுப்ப வந்து அழுத மருந்துக்கடை அம்மாளுக்கு அது சற்றே ஏமாற்றம்.

அடுத்த கிழமை, அதே பிற்பகல், கணக்காசிரியர் சுண்ணக்கட்டியோடு பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தார். பலகைகளில் புத்தகங்கள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. சொல்வாரும் அழைப்பாரும் இன்றி, தம் வேளைக்குத் தாமே இறங்கித் திடலில் ஓடிக்கொண்டிருந்தனர். முதலிடத்துப் பெண்ணின் தந்தையை வரவழைத்துக் கண்டித்தார்கள். மறுகிழமையும் அறை வெறுமையாகவே இருந்தது. அதன்பின் அவர் அந்த வேளையைக் கேட்கவில்லை.

கணக்காசிரியர் அவ்வாண்டின் இறுதியில் வங்கியில் பணிபுரியும் ஒரு பெண்ணை மணந்து நகரின் மறுகோடியில் குடியேறினார். தெரு எதிர்பார்த்த மணம் நடக்கவில்லை. ஊதலம்மாவோ சென்ற ஊரில் இரண்டு பிள்ளைகளுள்ள ஓர் ஓட்டுநரை மணந்தார் என்றும், அங்கும் ஒரு தலைமையாசிரியரோடு சண்டையிட்டு இன்னும் தொலைவுக்கு மாற்றப்பட்டார் என்றும் செய்தி வந்தது. ஊர் ஊராய் அவரை அகற்றுவது மேலிடத்துக்கு எளிது. ஓடப் பழகிய பிள்ளைகளை மீண்டும் உட்கார வைக்கும் ஆணையை மட்டும் இன்றுவரை எந்த அலுவலகமும் எழுதியதில்லை.