பச்சை வட்டம்

என் அறைத்தோழிக்கு ரேடியோ என்று பேர் வைத்ததே நான்தான். பல் துலக்கும்போதுகூட வாய் ஓயாது. அந்த ரேடியோ மூன்று வாரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடக்கிறது. முந்தாநாளிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. இன்று காலை, "நான் இல்லாட்டி யாருக்கு என்னடி நஷ்டம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். பக்கத்து அறைப் பெண்ணை அவளருகே உட்காரவைத்துவிட்டு, மனநல ஆலோசகர் அறைக்கு ஓடினேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் தன்வளர்ச்சி என்று ஒரு கட்டாயப் பாடம் உண்டு. தினமும் செயலியில் பதில் போட வேண்டும். நன்றாகத் தூங்கினாயா, வேளைக்குச் சாப்பிட்டாயா, நவீன வாழ்க்கை இன்று உனக்கு என்ன கற்றுத்தந்தது? நல்ல பதிலென்றால் பச்சை வட்டம், இல்லையென்றால் சிவப்பு. ஒருத்தி பதில் போடாவிட்டாலும் அறைக்கே மதிப்பெண் போய்விடும். வளர்வதிலும் கூட்டுப் பொறுப்பாம்! அதனால் ரேடியோ படுத்துக்கொண்ட நாளிலிருந்து அவள் போனிலும் பதிலை நானே தட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு நாளில் எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "ஓடும் உலகில் நிதானமே என் செல்வம்" என்று அவள் பேரில் நான் அடித்துவிட்டதைப் பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட நானும் தட்டினேன்.

ஆலோசகர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இவங்களுக்கா பிரச்சினை? பாரும்மா, முழுக்கப் பச்சை. விடுதியிலேயே இவங்கதான் முதல்ல இருக்காங்க."

"அதெல்லாம் நான் போட்டது மேடம். அவ படுக்கையை விட்டே எழுந்திருக்கல."

அவர் என் பக்கத்தைத் திறந்தார். ஒரே சிவப்பு. என் பதில்களை மட்டும் நான் உள்ளபடியே எழுதியிருந்தேன். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பயமாக இருக்கிறது.

"கூட இருக்கிறவங்க முன்னேறினா மனசு கஷ்டப்படுறது சகஜம்தான்மா," என்றார் கனிவாக. "வியாழக்கிழமை உனக்கு நேரம் ஒதுக்குறேன்."

"எனக்கில்ல மேடம், அவளுக்கு! இப்பவே வந்து பாருங்க!"

"முதல்ல மூச்சை நல்லா இழுத்து விடு."

அந்த மேசையைப் புரட்டிப்போடலாம் போல ஆத்திரம் வந்தது. வெளியே வந்தேன். ரேடியோவின் போன் என்னிடம்தான் இருந்தது. அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவர். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தினேன்.

"அம்மா, அவ ரூம்மேட் பேசுறேன். அவளுக்கு ரொம்ப முடியல. உடனே கிளம்பி வாங்க."

"என்னம்மா சொல்ற? வாராவாரம் உங்க யூனிவர்சிட்டிலேருந்து மெசேஜ் வருதே, நல்லா சாப்பிடுறா, நல்லா தூங்குறான்னு. இங்க எல்லார்கிட்டயும் காட்டிப் பெருமையடிச்சிட்டு இருக்கேனே!"

"அது பொய்ம்மா. நான் போட்ட பொய்."

அவருடைய மெஷின் நின்றது. தூரத்தில் மற்றவர்களுடையவை ஓடிக்கொண்டிருந்தன.

"போன வாரம் போன் பண்ணினா," என்றார். "வீட்டுக்கு வந்துடட்டுமாம்மான்னு கேட்டா. இவ்ளோ நல்லா போயிட்டிருக்கு, நடுவுல வந்து கெடுத்துக்காதடின்னு நான்தான்... நான்தான் சொன்னேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே விடுதிக்கு ஓடினேன். படிக்கட்டில் முட்டி இடித்தது. ரேடியோ அதே சுவரைப் பார்த்தபடிதான் கிடந்தாள். போனை அவள் காதில் வைத்தேன்.

"கண்ணு, அம்மா கிளம்பிட்டேன்டி. இதோ வந்துட்டே இருக்கேன்."

ரேடியோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "நிஜமாவாம்மா?" என்றாள்.

அம்மா வந்து சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.