முப்பத்தெட்டு இல்லை, நாற்பத்தொன்பது இருக்கிறது

1

இந்தக் கதை ஒரு டாக்டரின் வாயிலிருந்து பிறந்தது. பழி முழுக்க அவருக்கே. என் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய், மெதுவாக நகரும் வகை, என்று சொன்ன கையோடு, எவ்வளவு மெதுவாக என்று அறிய இன்னொரு சோதனை இருக்கிறது என்றார். கெட்டுப்போன வெள்ளை அணுக்களின் மேல்பரப்பில் சில மூலக்கூறுகள் இருக்குமாம். இருந்தால் நோய் வேகமெடுக்கும். இல்லாவிட்டால் பல வருடம் சும்மா கிடக்கும். வாக்கியத்துக்கு ஒரு 'பெரும்பாலும்' செருகினார். முடிவை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும் நோய். எந்தக் கதைக்காரன் விடுவான்?

2

முதல் தொடக்கம்: நீலத் தண்ணீரில் அவள் தன் மரணத்தின்

(அடித்துவிட்டேன். அக்கா நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அந்தக் குளத்தில் குளோரின் நெடியும் பிள்ளைகளின் மூக்குச்சளியும்தான் உண்டு.)

இரண்டாவது: ரத்தம் கொடுத்த அன்று அவள் அழுது

(இதுவும் பொய். ஊசி குத்திய நர்ஸிடம், மகளை எப்போது நீச்சலுக்கு அனுப்பப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.)

இப்படி ஒத்துழைக்காத பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்னத்தை எழுதுவது?

3

சோதனை முடிவு வருமுன்பே கதைக்கு இரண்டு முடிவுகளை எழுதி வைத்தேன். ஒன்றில் மூலக்கூறு இல்லை, அக்கா கிழவியாகிறாள். மற்றதில் இருக்கிறது. இரண்டாவதுதான் நன்றாக வந்திருந்தது. இரண்டையும் மேசைமேல் விட்டுவிட்டுக் கடைக்குப் போனது என் புத்திகெட்டதனம். திரும்பியபோது ஈரத்தலையோடு படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கொல்றதுக்கு உனக்கென்னடா இவ்ளோ அவசரம்?"

வெறும் கதைதானே என்று மழுப்பினேன். முதல் முடிவு பிடித்திருக்கிறதா என்றும் கேட்டுத் தொலைத்தேன். அது சப்பென்று இருக்கிறது என்றாள். தலையிலிருந்து சொட்டி நனைந்த கடைசிப் பக்கத்தைத் துண்டால் ஒற்றிவிட்டுத்தான் தாள்களைத் திருப்பித் தந்தாள். அதை நான் எந்த வரைவிலும் எழுதியிருக்கவில்லை.

4

அந்த மூலக்கூறுகளுக்கு எண்கள்தான் பெயர். கெட்ட பெயரெடுத்த முப்பத்தெட்டு அக்காவிடம் இல்லையாம். அதைவிடக் கெட்ட நாற்பத்தொன்பது இருக்கிறதாம். ஒன்று நில் என்கிறது, இன்னொன்று ஓடு என்கிறது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அக்காதான் நிதானமாக விசாரித்தாள். இப்படி வருகிறவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சீக்கிரமே மருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

"நான் எந்தப் பாதி?"

(இங்கே அவர் வாயில் ஓர் ஆழமான பதிலை வைக்கப் பலமுறை முயன்றேன். நிற்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தெரியலம்மா. பாத்துக்கிட்டே இருப்போம்.")

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கையில் அக்கா சொன்னாள்: "புதுப் பிள்ளைங்க தண்ணியில இறங்குற லட்சணத்தப் பாத்து, எது தேறும்னு நானும்தான் வருஷா வருஷம் சொல்றேன். பாதி தப்பாப் போகுது. அதுக்காக யாரையும் கரையில உக்கார வெக்கிறதில்லையே."

5

இரண்டு முடிவுகளையும் கிழித்துப் போட்டுவிட்டேன். முடிவில்லாத கதை உங்களுக்கு எரிச்சலூட்டினால் எனக்கு அனுதாபம் எல்லாம் கிடையாது. நான் அதோடுதான் குடும்பம் நடத்துகிறேன். வேண்டுமானால் நீங்களே அக்காவிடம் போய்க் கேளுங்கள். இந்நேரம் குளத்தோரம் விசிலோடு நின்று யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். நான் கேட்க மாட்டேன். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் போய்விட்டால் எனக்கு