யாரும் ஊதாத பை

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தர்சிகா நீட்டிய கடிதத்தை, பேணாட் கவிழ்த்துப் போட்ட படகொன்றின் மேல் சாய்ந்தபடி இரண்டு தரம் வாசித்தான்.

"இது போனமுறை தந்ததுக்கு மாறாக் கிடக்கு தங்கச்சி."

"ஓம் அண்ணை. பிழை எங்கட பக்கந்தான்."

நான்கு மாதத்துக்கு முன், துறைமுகக் கரையில் படகுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர்களின் மூச்சைச் சோதிக்க வந்த குழுவில் இவளும் இருந்தாள். பளபளத்த பிளாஸ்டிக் பைக்குள் ஊதச் சொன்னார்கள். பேணாட் கண்ணில் நீர் வர ஊதினான். மூச்சில் பீனோல் என்றொரு நச்சுப் பொருள் கூடுதலாக இருப்பதாகக் கடிதம் வந்தது. அது மற்றவர்களுக்குத் தொற்றும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவனாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டான். அந்தக் கிழமைதான் மகள் பிறந்திருந்தாள். தொட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றே பார்த்தான். விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தான். கேட்ட மனைவி ஜெசிகாவிடம் வேலைக் களைப்பு என்றான். பெண்பிள்ளை என்பதால் ஒதுங்குகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் ஊதாத பையில சுத்தமான காத்தை அடைச்சுப் பாத்தம்," என்றாள் தர்சிகா. "அதிலயும் அதே பீனோல். பையின்ர பிளாஸ்டிக்கில இருந்துதான் வருது."

"அப்ப என்ர மூச்சில ஒண்டுமில்லை."

"அப்பிடியும் சொல்ல ஏலாது அண்ணை. உங்கட மூச்சில இருந்தாலும் அது பையின்ர பீனோலோட கலந்துபோச்சு. வாற மாதம் பைக்குப் பதிலா ஒரு குழாயில திரும்ப எடுப்பம்."

"அதுவரைக்கும் பிள்ளையைத் தூக்கலாமோ?"

தர்சிகா விளங்காமல் பார்த்தாள். "பிள்ளையைத் தூக்கவேண்டாம் எண்டு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. அதையே நினைத்தபடி லிங்கநகரிலிருந்த வீட்டுக்குச் சைக்கிளை உழக்கினான். சந்தோசப்படவேண்டும் போலவும் இருந்தது, ஏமாந்துபோனது போலவும் இருந்தது. யாரில் கோபப்படுவது? ஒரு பையிலா? ஜெசிகாவிடம் எந்த இடத்தில் தொடங்கிச் சொல்வது?

வீட்டுக்குள் நுழையவும் மழை தூறவும் சரியாக இருந்தது. கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ள ஓடிய ஜெசிகா, வேறு வழியில்லாமல் பிள்ளையை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பேணாட் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரந்தான் அடக்குவது? "ஜெசி," என்று கூப்பிட வாயைத் திறந்தான். மகள் அவனுடைய கீழுதட்டைப் பிடித்து இழுத்து, எச்சில் ஊறிய இரண்டு விரல்களை அவன் வாய்க்குள் விட்டாள்.