அம்பு வராத புள்ளி

1

இந்தக் கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நிர்வாகவியல் ஆய்வு செய்யும் ஒரு பெண் எனக்கு ஒரு வரைபடம் காட்டினாள். தொழிற்சாலையில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. சிக்கல் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று கேட்டு, சொன்ன ஆளை நோக்கி ஓர் அம்பு. ஒரு புள்ளிக்கு மட்டும் ஓர் அம்புகூட வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. எனக்கும் இப்போதெல்லாம் போன் வருவதில்லை.

2

பெரியநாயக்கன்பாளையத்தின் வானம் அன்று... வேண்டாம். வானத்துக்கு இங்கே வேலையில்லை.

அந்தப் பெண்ணுக்கு ரித்திகா என்று பெயர் வைத்தேன். துடியலூரிலிருந்து வண்டியில் வந்து, ஒரு பம்ப் கம்பெனியில் எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். முதலாளி அழகிரிசாமியும், "நானும் இங்க வேலை செய்யறவன்தானுங்களே" என்று ஆசையாகப் பதில் சொன்னார். பெயரை வெளியிட மாட்டேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்ததால் படத்தில் வெறும் எண்கள். அம்பு வராத எண் முதலாளியுடையது.

3

ஃபோர்மேன் நஞ்சுண்டனிடம் கேட்டாள், "நீங்க முதலாளி பேரைச் சொல்லலைங்களே?"

"மொதலாளி பேரைச் சொல்றதுங்களா? மரியாதையா இருக்குங்களா அது?"

"சிக்கல்னா அவர்கிட்டப் போவீங்கதானுங்க?"

"மெசின் ஓடுதுங்க அம்மணி. பாத்துப்போட்டு வாரேன்."

(இவர் மேல் எனக்குச் சந்தேகம். அது மரியாதையா, சாக்கா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை.)

4

ரித்திகா காட்டிய படத்தில், அம்பு வராத புள்ளியின் மேல் அழகிரிசாமி விரலை வைத்தார். "ஏனுங்க அம்மணி, ஓரமா நிக்கறது யாருங்க?"

"பேரு சொல்லக் கூடாதுங்கய்யா."

"திட்டறதுக்கில்லீங்க கண்ணு. கூப்புட்டு ரண்டு வார்த்தை பேசலாம்னுதான். என் ரூம் கதவு தெறந்தேதானுங்க கெடக்குது. ஒருத்தன் ஒத்தையில நிக்கறது எனக்கே தெரியாமப் போச்சுங்களே."

[தன் எண் எது என்று அவர் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நடுவில் இருப்பதாக நம்புகிறவர் தன்னை எதற்குத் தேடப் போகிறார்?]

5

முடிவு ஒன்று: ரித்திகா உண்மையைச் சொல்கிறாள், அவர் சிரித்துக்கொண்டே எழுந்து கதவை... இந்த வரியை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கம்ப்யூட்டர் தப்பாகப் போட்டுவிட்டது என்கிறாள். அவர் நிம்மதியாகிறார். அந்த நிம்மதியை எழுத எனக்குக் கை வரவில்லை.

இதற்குள் டீ வந்துவிட்டது. மூன்று டம்ளர். மூன்றாவது அந்த ஆளுக்காம்.

"யாருன்னு சொல்லுங்க கண்ணு, ஆறிப்போகுது" என்கிறார்.

ரித்திகா என்னைப் பார்க்கிறாள். என்னால் ஆகாது. நீங்களே சொல்லிவிடுங்கள்.