பியர் குடித்த சாக்ஸபோன்

“உங்க ஆர்க்கெஸ்ட்ராவுல எனக்கு ஒரு இடம் வேணும், பெரியப்பா.”

கேட்டுவிட்டேன். அடுப்பில் சோளம் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி நின்றது. உலோகவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு வாங்காயோ நகரத்திலிருந்து நான் வந்து இறங்கிய அன்றே சொல்லியிருந்தாள்: “அந்த மனுஷன்கிட்ட என்ன வேணா கேளு நேலிதா, இடம் மட்டும் கேட்டுராத.” எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் சாக்ஸபோன் ஊதுகிறார்கள். அத்தனை பேரும் ஆண்கள்.

பெரியப்பா தியோஃபிலோ சிரித்தார். பன்னிரண்டு சாக்ஸபோன், இரண்டு வயலின், ஒரு ஹார்ப், எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். பக்கத்தில் அவர் மகன் வில்மர், என்னைவிட இரண்டு வயது இளையவன், சந்தியாகப்பர் திருவிழாவுக்குத் தைத்த புதுக் கோட்டை இன்றே மாட்டிக்கொண்டு நின்றான். நாளைக்குத்தான் திருவிழா. எங்களுக்கு நடுவே மேசையில், கம்பளித் துணிமேல், அப்பாவின் சாக்ஸபோன்.

அப்பா அதை வாங்கும்போதே அதற்கு நாற்பது வயது. சாகும்வரை முப்பது வருஷம் ஊதினார். ஒவ்வொரு திருவிழாவிலும், செலவை ஏற்றுக்கொண்ட வீட்டுக்காரன் முதல் பாட்டிலைத் திறந்து அதன் வாயில் ஊற்றுவான். கருவிக்கும் தாகம் எடுக்குமாம். வேண்டாம் என்றால் சந்தியாகப்பருக்கு அவமரியாதை. முப்பது வருஷத்து பியர் உள்ளே சர்க்கரையாகக் காய்ந்து, துளைகளை மூடும் தோல் வட்டைகளை ஊறவைத்து, காயவைத்து, செருப்புத்தோல் ஆக்கியிருந்தது. துளைகளின் விளிம்பைப் பச்சைக் களிம்பு அரித்திருந்தது. காற்று ஒழுகுவது தெரியாமலிருக்க எவனோ மூடிகளைக் கையாலேயே வளைத்திருந்தான். ஒருமுறை லாரியின் மேலிருந்து விழுந்து குழலே கோணியிருந்தது. அதை நிமிர்த்தாமல் மேலே ஈயத்தை அப்பிவைத்திருந்தான் இன்னொருவன். நான்கு மாதத்துக்கு முன் அதைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கெட்ட வார்த்தைதான் வந்தது.

ஈயத்தை உருக்கி வழித்தேன். யூகலிப்டஸ் உருளையைச் செருகிக் குழலைத் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். அரித்த விளிம்புகளில் வெள்ளிப் பற்று வைத்து அராவினேன். வெள்ளாட்டுத் தோலில் வட்டைகள் வெட்டினேன். ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே சின்ன பல்பை இறக்கி, வெளிச்சம் கசியும் இடத்திலெல்லாம் மறுபடி, மறுபடி. ஆனால் வெளிச்சம் பாதிதான் சொல்லும். மீதியை ஊதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“பொம்பள வாய் பட்டா சாக்ஸுக்குத் தொண்டை கட்டிக்கும்னு தெரியாதா?” என்றான் வில்மர்.

“அப்போ நாலு மாசமா இதை யாருடா ஊதிப் பார்த்தது? சந்தியாகப்பர் குதிரையை விட்டு இறங்கி வந்தாரா?”

வில்மர் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். சுரங்கக் கம்பெனியில் வேலை கேட்டுப் போனபோதும் இதே கதைதான். பொம்பளை உள்ளே இறங்கினால் தாது ஓடி ஒளிந்துகொள்ளுமாம். நான் மலையையும் கெடுப்பேன், பித்தளையையும் கெடுப்பேன். அவ்வளவு சக்தி இருந்தால் இவர்கள் என் காலில் அல்லவா விழுந்து கிடக்க வேண்டும்?

“ரிப்பேருக்கு ஊதறது வேற, ஜனங்க முன்னாடி ஊதறது வேற,” என்றார் பெரியப்பா, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. “நீ படிச்ச பொண்ணு. உனக்கு எதுக்கும்மா இந்தத் தெருப் பொழப்பு? நாளைக்கு வில்மர் இதை ஊதட்டும். வேலைய நல்லா பண்ணிருக்க, நல்லாருப்ப. டேய், பாட்டில எடு. மறுபடி பொறந்த கருவி, ஞானஸ்நானம் குடுக்கணும்.”

வில்மர் பல்லால் மூடியைக் கடித்துத் திறந்தான். பாட்டில் சரிந்தது. நான் சாக்ஸபோனின் வாயை உள்ளங்கையால் பொத்தினேன். பியர் என் கைமேல் விழுந்து, நுரைத்து, மேசையில் வழிந்தது.

“கைய எடு,” என்றார் பெரியப்பா.

“மாட்டேன்.”

“உங்கப்பன் ஒருநாளும் இப்படிக் கைய வச்சதில்ல.”

“அதனாலதான் இது இப்படி அழுகிச்சு.”

பெரியப்பாவின் காதுமடல் சிவந்தது. “சாக்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவோடது. வச்சிட்டுப் போ.”

“எங்கப்பா குடுத்த மாட்டை வித்து வாங்கினது அது,” என்றாள் அம்மா. திரும்பவில்லை. சோளத்தைக் கிளற ஆரம்பித்தாள். இடம் கேட்காதே என்று சொன்ன அதே அம்மா.

சாக்ஸபோனை எடுத்தேன். கழுத்துக் குழாயைச் செருகித் திருகினேன். வாரைத் தோளில் மாட்டினேன். சட்டைப் பையிலிருந்து, ஊதும் முனையில் பொருத்தும் நாணல் ரீடை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். ஊதுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ரீடை எச்சிலில் ஊறவைப்போம். இந்த ஊரில் குழந்தைக்கும் அது தெரியும். பக்கத்து ஊரான சுபாக்காவின் பெண்கள் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மூன்று நாள் முன்பே வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. இங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர்கள் லாரி மதியம் பாலத்தடிக்கு வந்துவிடும்.

“எங்க போற? ஏய், வாயத் திறந்து பதில் சொல்லு!”

ரீடு நாக்கில் இருந்தது. எப்படிப் பேச?

முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் முதலில் சாக்ஸபோனைப் பார்த்தார்கள். பிறகு என் வாயைப் பார்த்தார்கள். ஒருவர் பெஞ்சிலிருந்து காலை இழுத்துக்கொண்டார். நான் வாசலைத் தாண்டினேன். விரல்களிலிருந்து பியர் சொட்டிக்கொண்டே வந்தது, புழுதியில்.