மஞ்சள் கரு பெரியப்பாவுக்கு

அப்பாவுக்கு உடுத்தியிருந்த நீலச் சட்டையின் பைக்குள் இரண்டு விரலை விட்டு, சின்னவள் நூல்கண்டை வெளியே எடுத்தாள். அப்பாவின் கழுத்தருகே காலரைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான்.

“அதை எதுக்கு எடுக்கறே?”

“வேலை இருக்கு. காபிக்கடைக்குப் போயிட்டு வரேன்.”

“அப்பா இப்படிக் கிடக்கறப்போ உனக்குக் காபி கேக்குதா?”

“பெரியப்பாவுக்குச் சொல்லணும்.”

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஒம்பது வருஷமா இந்த வாசப்படி மிதிக்காத மனுஷன். எட்டரைக்கு வண்டி வருது. வந்து நாலு பேர் முன்னாடி ஏதாவது பேசி வெச்சார்னா?”

“பேசட்டும். இந்தத் தடவை அவருக்குச் சொல்லாம எடுக்க விடமாட்டேன்.”

அண்ணன் மறுபடியும் காலரை இழுத்துப் பார்த்தான். மூடவில்லை. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவரின் நல்ல சட்டையில் மேல் பட்டனைக் காணோம். அந்த இடத்தில் ஒரு நூல் முனைதான் நின்றது.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மணி ஏழு. அப்பாவின் உயிர் பிரிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், யாருக்கும் தொந்தரவு வைக்காத மனுஷன் என்று பக்கத்து வீட்டில் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தொந்தரவு வைத்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வார்த்தையாவது பேசியிருப்பார்.

அம்மா செத்த அன்று நடந்தது இதுதான். பெரியப்பாவுக்கு அண்ணன் சொல்லியிருப்பான் என்று அப்பா நினைத்தார். அப்பா சொல்லியிருப்பார் என்று அண்ணன் நினைத்தான். இருவரில் ஒருவர் சொல்லாமலா இருப்பார்கள் என்று சின்னவள் நினைத்தாள். மூன்று பேரும் நினைத்துக்கொண்டே இருந்ததில் அம்மாவை எடுத்தாகிவிட்டது. பெரியப்பா காபிக்கடையில் தம்பிக்காகக் காத்திருந்து, கடைக்கார அம்மா சொல்லித் தெரிந்துகொண்டு, சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். வீட்டில் காலி நாற்காலிகள்தான் கிடந்தன.

“நான் யாரோவாப் போயிட்டேனா?” என்று கேட்டார். மறந்துவிட்டோம் என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு வளையவில்லை. “வரணும்னு நினைக்கறவங்களுக்குத் தானாத் தெரியும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில், இருவரும் சேர்ந்து நடத்திய இருபத்தாறு வருடத் தையல்கடை இரண்டாகக் கிழிந்தது.

ஆனால் காபிக்கடையை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஏன் போகாமல் இருக்கணும், மற்றவர் வேண்டுமானால் வராமல் இருக்கட்டும் என்று இருவருமே வந்தார்கள். ஐந்தே மேசை உள்ள கடையில், முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு முட்டையில் வெள்ளை, பெரியப்பாவுக்கு மஞ்சள். அப்பா பையிலிருந்து நூலை எடுத்து, அவித்த முட்டை இரண்டையும் சுற்றி இழுத்துச் சுத்தமாக வகுந்து, மஞ்சளைத் தனித்தட்டில் வைப்பார். கடைக்கார அம்மா அதை எடுத்துப்போய்ப் பெரியப்பாவின் மேசையில் வைப்பாள். “கோழி ஒண்ணாப் போட்டதை இதுங்க ரெண்டாப் பிரிக்குதுங்க, நான் ஒம்பது வருஷமா சம்பளமில்லாத தூது” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டுக்குப் போனால் பெரியப்பா கதவைத் திறக்க மாட்டார். போன் செய்தால் எண்ணைப் பார்த்துவிட்டுத் துண்டித்துவிடுவார். ஆனால் மஞ்சள் வராமல் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

கடை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. ரொட்டி வாட்டும் வாசனை தெரு வரைக்கும் வந்தது. பெரியப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அகலமான முதுகு, காலர் விறைப்பாக, கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருந்தது. சின்னவள் சத்தமில்லாமல் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைக்கார அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று சின்னவள் தலையசைத்ததும் புரிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், காபியும் ரொட்டியும் இரண்டு முட்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

சின்னவளுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிற வேலை. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஊர் கேட்கச் சொல்லுகிறவளுக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவரை ‘பெரியப்பா’ என்று கூப்பிட வாய் வரவில்லை. வந்த காரியம் ஆகாமல் போகப்போவதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நூலை எடுத்தாள். முட்டையைச் சுற்றி இழுத்தாள். நூல் கோணலாக ஓடியது. மஞ்சள் உதிர்ந்து நொறுங்கியது. இரண்டாவது இன்னும் மோசம். கிடைத்ததைத் தட்டில் கூட்டி வைத்து, கடைக்கார அம்மாவிடம் நீட்டினாள்.

தட்டு பெரியப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது,” என்றார் கடைக்காரியிடம், திரும்பாமலே. “கை நடுங்குதா அவனுக்கு?”

ஒன்பது வருடத்தில் அவர் தம்பியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கடைக்கார அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டர்கிட்டப் போகச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே.”

“பெரியப்பா,” என்றாள் சின்னவள்.

அந்த முதுகு அசையவில்லை. கரண்டியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

“எப்போ?”

“விடியக்காலம் அஞ்சு மணிக்கு. தூக்கத்துலயே.”

“எடுத்தாச்சா?”

“இல்ல பெரியப்பா. எட்டரைக்கு வண்டி. இப்ப மணி ஏழரைதான்.”

“யார் அனுப்பிச்சா உன்னை? உங்கண்ணனா?”

“யாரும் அனுப்பல. அவன் வேண்டாம்னுதான் சொன்னான்.”

“அப்போ அவன் சொன்ன மாதிரியே நடக்கட்டும். அன்னிக்கு நான் வேண்டாதவன். இன்னிக்கு மட்டும் எதுக்கு?”

சின்னவள் எழுந்து போய் அவருக்கு எதிரில், சுவர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். “அன்னிக்கு நாங்க மறந்துட்டோம் பெரியப்பா. வேற ஒண்ணுமில்ல. ஆளுக்கு ஆள் இன்னொருத்தர் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சோம். அப்பாவுக்கு அதைச் சொல்ல வெக்கம். எனக்கும்தான். தப்பு எங்களோடது.”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன். வண்டி வந்தா நிக்கட்டும். நான் இல்லாம எடுக்க மாட்டாங்க.”

“பிடிவாதம் அப்படியே அவன்தான்,” என்றார். நொறுங்கிய மஞ்சளைக் கரண்டியால் கூட்டி, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார்.

“வெள்ளையைச் சாப்பிட்டியா?”

“இல்ல.”

“கொண்டா இங்க. சாப்பிடு. வெறும் வயித்தோட எதைச் சமாளிப்பே?”

அவள் தட்டை எடுத்து வந்து அவர் எதிரிலேயே சாப்பிட்டாள். ரொட்டியையும் பிய்த்துக் கொடுத்தார். கண்ணீரோடு முட்டையும் உள்ளே போனது.

“என்ன சட்டை போட்டிருக்கீங்க அவனுக்கு?”

“நீலச் சட்டை.”

“அதுவா? மேல் பட்டன் கிடையாதே அதுல. ரெண்டு மாசமாப் பாக்கறேன், கழுத்தைத் தொறந்து போட்டுக்கிட்டு வர்றான், போறான். தையல்காரன் போற கோலமா அது?” நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “நூல் இருக்கில்ல உன்கிட்ட?”

“இருக்கு.”

“ஊசி?”

“வீட்ல இருக்கு.”

“நட.”

வாசலில் நின்றிருந்த அண்ணன் அவரைப் பார்த்ததும் விலகி வழிவிட்டான். உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அப்பாவின் தலைமாட்டில் போட்டான். பெரியப்பா தம்பியின் முகத்தைப் பார்க்காமல் நேராகக் காலரைத்தான் பார்த்தார். நூலைக் கோத்துக் கொடுக்க வந்தவளிடம் வேண்டாம் என்று கை காட்டி, தாமே கோத்தார். மூன்று தடவை தவறி, நாலாவது தடவை நுழைந்தது.

“பட்டன் டப்பாவைத் தேடறேன் பெரியப்பா,” என்றான் அண்ணன்.

“தேட வேண்டாம்.”

அவசரப்படாமல் தைத்தார். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு, அடியில் ஒரு சுற்று. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கிப் போய் ஓட்டுநரிடம் கொஞ்சம் இருக்கச் சொன்னான்.

பெரியப்பா குனிந்து தம்பியின் கழுத்தருகே நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பட்டனைப் பூட்டி, காலரின் இரண்டு முனையையும் இழுத்து நேராக்கினார். அவர் நிமிர்ந்தபோது சின்னவள் பார்த்தாள். அவருடைய சட்டையின் கழுத்து திறந்து கிடந்தது; மேல் பட்டன் இருந்த இடத்தில் ஒரு நூல் முனைதான் நின்றது.