சட்டைப் பையில் நான்கு மாத்திரைகள்

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இருபது வாண்டுகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பேன். ஆனால் பெற்ற மகளிடம் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மகள், அந்த ஏழு வயது வாலுவுக்கு ரத்தப் புற்றுநோய். "பிள்ளைகளுக்கு வர்ற புற்றுநோய்ல இதுதான் அதிகம். பெரும்பாலும் குணமாயிடுது. ஆனா மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது. அவகிட்டயும் விஷயத்தைச் சொல்லிடுங்க," என்றார் டாக்டர்.

நாத்தனார் குறுக்கே விழுந்தாள். "ஐயையோ, அந்தப் பேரையே எடுக்காதீங்க அண்ணி! காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன். எட்டு மாதம் அந்தப் பொய் ஓடியது.

நான்கு நாளைக்கு முன் அவள் தம்பிக்கு நிஜமாகவே காய்ச்சல். அவளுக்குத் தொற்றினால் ஆபத்து என்று அவனை அப்பாவோடு நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினோம். இன்று அவனுடைய துணிகளை எடுக்க நாத்தனார் வந்தாள். மடிக்கும்போது அவன் சட்டைப் பையிலிருந்து நான்கு மாத்திரைகள் உருண்டன. எல்லாம் வாலுவின் மாத்திரைகள்.

தினமும் மாத்திரையை அவள் கையில் கொடுத்துவிட்டு வேன் எடுக்க ஓடினேனே, பாவி! சின்னவன் வாயில் போட்டிருந்தால்?

மகளைக் கூப்பிட்டேன். "ஏண்டி முழுங்கல?"

"தம்பிக்கும்மா. என் காய்ச்சல்தானே அவனுக்கு ஒட்டிக்கிச்சு? அவனுக்கும் முடியெல்லாம் கொட்டிடும்."

உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டேன். விட்டதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், இன்றைய மாத்திரையை மட்டும் கொடுத்து நாளை அழைத்து வரச் சொன்னார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார் கையைப் பிடித்தாள். "வேணாம் அண்ணி, பிஞ்சு மனசு."

"அந்தப் பிஞ்சு நாலு நாளா எதைச் சுமந்துச்சுன்னு பார்த்தியா? நீ சும்மா இரு."

மகளை மடியில் இழுத்துக்கொண்டேன். "உனக்கு வந்தது காய்ச்சல் இல்லடி. கேன்சர். ரத்தத்துல வந்திருக்கு. யார் தப்பும் இல்ல, யாருக்கும் ஒட்டாது. அம்மாதான் பொய் சொல்லிட்டேன். இனிமே சொல்ல மாட்டேன். இன்னும் ஒன்றரை வருஷம் மாத்திரை இருக்கு. ஒண்ணுகூட விட மாட்டோம், நானும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். சரியா?"

"அப்போ தம்பிக்கு?"

"அவனுக்கு வெறும் காய்ச்சல். ரெண்டு நாள்ல குதிப்பான்."

மாத்திரையை வாங்கி மடக்கென்று விழுங்கினாள். அத்தையின் போனைப் பிடுங்கி அப்பாவை அழைத்து, தம்பியிடம் கொடுக்கச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

"டேய், பயப்படாதடா! உனக்கு வெறும் காய்ச்சல்தான். எனக்குத்தான் கேன்சர்!"